நூறு வீத வருகை

தர்மிளாவின் அழைப்பு வந்தபோது பழனியாண்டி வாய்க்காலில் இறங்கி, பயிருக்கு மருந்தடிக்கிற தாங்கியைக் கழுவிக்கொண்டிருந்தார். தர்மிளா, ஸ்கந்தபுரம் மருதம் நற்பணிக் கழகத்தின் செயலாளர். பகலில் அரச அலுவலகமொன்றில் வேலை. கழகத்தின் பேஸ்புக் பக்கத்துக்குச் செய்தி எழுதுவதும் அவள்தான்.

“ஐயா, ஒரு சந்தோசமான செய்தி. வாற ஞாயிற்றுக்கிழமை புது நிர்வாகம் பதவியேற்கிற விழா எல்லே, அதில உங்களுக்கு ஒரு விருது இருக்கு. நூறு வீத வருகைக்கு. ஆறு வருசத்தில ஒரு கூட்டத்தையும் விடாத ஆள் நீங்கள் மட்டுந்தான்.”

பழனியாண்டிக்குக் கை நனைந்திருந்தது. தொலைபேசி வழுக்கப் பார்த்தது.

“எனக்கு வேண்டாம் பிள்ளை. வேற ஆருக்கும் குடுங்கோ.”

“வேற ஆருக்கு ஐயா குடுக்கிறது? வரவுப் புத்தகத்தில எல்லாப் பக்கத்திலயும் உங்கட கையெழுத்துத்தானே கிடக்கு.” சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

எல்லாப் பக்கத்திலும். போன கார்த்திகை மாதத்துப் பக்கத்திலும்தான். அவர் தாங்கியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வரம்பில் ஏறி உட்கார்ந்தார்.

பழனியாண்டிக்கு ஐம்பத்தாறு வயது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரம் நடந்தபோது அவருக்கு எட்டு வயது. தகப்பன் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தார். பிறர் காணியில் கூலி, பிறகு காடு வெட்டிய துண்டு நிலம், பிறகு இடம்பெயர்வு, முகாம், திரும்பி வந்து மறுபடியும் முதலிலிருந்து. நாற்பது வருடத்துக்கு மேல் இந்த மண்ணில் கிடந்தும் ஊர்க் கூட்டமென்றால் அவர் மண்டப வாசல் வேம்பின் கீழ்தான் நிற்பார். ‘தோட்டக்காட்டு ஆக்கள்’ என்று பின்னால் சொல்லப்படுவது அவர் காதில் விழாத வருடமே இல்லை.

ஒரு மார்கழியில் வெள்ளம் வந்தது. பழனியாண்டி தன் கை உழவு இயந்திரத்தில் பெட்டியைப் பூட்டி மூன்று நாள் சாப்பாட்டுப் பொதி ஏற்றி இறக்கினார். நான்காம் நாள் கழகத் தலைவர் சிவகரன் வீடு தேடி வந்தார். ஓய்வுபெற்ற அதிபர். “ஐயா, நீங்களும் எங்கட கழகத்தில சேரவேணும்” என்றார். அடுத்த கூட்டத்தில் பழனியாண்டிக்கு முன்வரிசையில் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். சட்டைப் பையில் குத்த ஒரு சின்னமும் தந்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து அந்தச் சின்னத்தை மனைவி ராக்காயியின் உள்ளங்கையில் வைத்தார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒங்கள ஐயான்னா கூப்பிட்டாங்க?” என்று கேட்டாள். ஆமாம் என்றதும் சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துத் தந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு நாலு மணி என்றால் அவர் மூன்றரைக்கே மண்டபத்தில் நிற்பார். கொரோனாவுக்காகக் கூட்டம் நிறுத்திய மாதங்களைத் தவிர ஒன்றையும் விட்டதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறார். அறுவடை நாளில் மெசினைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். வராவிட்டால் அந்தக் கதிரை இன்னொருவருக்குப் போய்விடுமென்று அவருக்குள் ஒரு பயம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

போன கார்த்திகை இரண்டாம் ஞாயிறன்று அவர் சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது ராக்காயி குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியெல்லாம் வேர்வை.

“இன்னைக்கு மட்டும் போகாதீங்களேன். நெஞ்சு என்னமோ இறுக்குது.”

“வாயுவா இருக்கும். இஞ்சி தட்டிப் போட்டுத் தண்ணி குடி.”

“இல்லீங்க. இது வேற மாதிரி.”

“ஒரு மணி நேரந்தான் ராக்காயி. போனதும் வந்துர்றேன்.”

அவர் சைக்கிளை எடுத்தார். படலையைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை; பார்த்தால் நின்றுவிட வேண்டிவரும் என்று தெரிந்துதான் பார்க்கவில்லை.

கூட்டத்தில் தொலைபேசியை அணைத்து வைக்கவேண்டும் என்பது கழகத்து விதி. மற்றவர்கள் சத்தத்தை மட்டும் குறைப்பார்கள். பழனியாண்டி முழுதாக அணைப்பார். கண் சிகிச்சை முகாம் பற்றி அன்று நீளமாகக் கதைத்தார்கள். தேநீர் குடித்து, கதிரைகளை அடுக்கி வைத்துவிட்டு, வாசலில் வந்து தொலைபேசியைப் போட்டார். பக்கத்து வளவு விமலேஸ்வரியிடமிருந்து பதினொரு அழைப்புகள்.

ராக்காயி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே, ஓட்டோவுக்குள், விமலேஸ்வரியின் மடியில் போய்விட்டிருந்தாள்.

மகள் ராஜினி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். ஒப்பந்தம் முடியாமல் அவளை விடவில்லை. செத்தவீட்டை அவள் தொலைபேசித் திரையில்தான் பார்த்தாள். மூன்றாம் நாள் அழைத்துக் கேட்டாள்.

“அப்பா, கடைசியா அம்மா பக்கத்துல நீங்க இருந்தீங்கதானே?”

“இருந்தேன்மா.”

“ஒங்க மடியிலயா?”

“என் மடியிலதான்.”

“அது போதும்பா” என்று சொல்லிவிட்டு அழுதாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அங்கே எட்டு மாதம் பாத்திரம் கழுவினாள். தீபாவளிக்கு வந்துவிடுவேன், வந்து உங்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு இங்கேயே இருந்துவிடுவேன் என்று வாரம் தவறாமல் சொல்லுவாள். விமலேஸ்வரிக்கு இந்தப் பொய் தெரியும். அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

விழா நாளில் பழனியாண்டி போவதில்லை என்று முடிவு செய்து, பழைய சாரத்தோடு மாட்டுக்குப் புல் அரிந்துகொண்டிருந்தார். மூன்று மணிக்குச் சிவகரனின் கார் படலையில் வந்து நின்றது.

“உதென்ன கோலம்? வெளிக்கிடுங்கோ ஐயா.”

“எனக்கு உடம்பு சரியில்ல சேர். விருதை இன்னொரு நாளைக்கு...”

“உங்கட அடக்கம் எனக்குத் தெரியும். சனமெல்லாம் வந்திட்டுது. நான் நிக்கிறன், நீங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு வாங்கோ.”

ஐயா என்று கூப்பிடும் மனிதருக்கு முன்னால் இல்லையென்று சொல்ல அவருக்கு அன்றும் வாய் வரவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. கண்ணாடி போட்ட சான்றிதழும் பொன்னாடையும் மேசையில் இருந்தன. தர்மிளா ஒலிவாங்கியில் தான் எழுதியதை வாசித்தாள். நல்ல குரல் அவளுக்கு.

“சென்ற ஆண்டு தனது அன்பு மனைவியார் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த வேளையிலும், கடமையே பெரிதென எண்ணிக் கூட்டத்தில் கலந்துகொண்ட இந்த உத்தமர்...”

கைதட்டல் எழுந்தது. பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். தர்மிளாவுக்கு அந்த நாளின் திகதி மட்டுந்தான் தெரியும். வரவுப் புத்தகத்தையும் மரண அறிவித்தலையும் பக்கத்தில் வைத்து அவளாகவே கட்டிய வசனம் அது. எழுதும்போது அவள் கண் கலங்கியுமிருக்கலாம்.

பொன்னாடையைப் போர்த்திச் சான்றிதழையும் ஒலிவாங்கியையும் அவர் கையில் கொடுத்தார்கள். நன்றி என்று ஒரு சொல் சொல்லிவிட்டு இறங்கத்தான் நினைத்தார். மண்டபத்தில் கதைப்பதற்கென்று இத்தனை வருடமாகப் பழகிய தமிழ் அந்த நேரம் வரவில்லை. வீட்டுத் தமிழ்தான் வந்தது.

“அவ போகாதீங்கன்னு சொன்னா. நெஞ்சு இறுக்குதுன்னு சொன்னா. நாந்தான் வாயுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். கடமையும் இல்ல ஒண்ணும் இல்ல. எனக்கு இந்தக் கதிரை போயிருமோன்னு பயம். நான் போயிருக்கக் கூடாது. எனக்கு இது வேண்டாம்.”

எங்கேயோ ஒரு குழந்தை சிணுங்கியது. பழனியாண்டி கண்ணைத் துடைத்துவிட்டுச் சான்றிதழை மேசையில் திருப்பி வைத்தார். யாராவது திட்டமாட்டார்களா என்று அவர் முகங்களைப் பார்த்தார். ஒருவராவது எழுந்து, ‘நீயெல்லாம் மனுசனா’ என்று கேட்டிருந்தால் அவருக்கு அது பெரிய உதவியாக இருந்திருக்கும்.

சிவகரன் கெட்ட மனிதரல்ல. இருநூறு பேர் வாயடைத்து இருக்கிற மண்டபத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஒலிவாங்கியை மெல்ல வாங்கி, பழனியாண்டியின் தோளில் கைபோட்டார். சிவகரனின் கண்ணும் நனைந்திருந்தது.

“பாத்தியளே! கட்டின மனுசி மறிச்சும் சேவையெண்டு வந்தவர். அந்த வலியோட இண்டைக்கும் வந்து நிக்கிறார். இப்பிடி ஒராள் எங்கட கழகத்தில இருக்கிறது எங்களுக்குப் பெருமை.”

இந்த முறை கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. சான்றிதழ் மறுபடியும் அவர் கைக்கு வந்தது. படம் பிடித்தார்கள்.

அடுத்த நாள் மத்தியானத்துக்குள் செய்தி பேஸ்புக்கில் வந்துவிட்டது. ‘மனைவி தடுத்தும் சேவைக்கு வந்த மாமனிதர்’ என்று தலைப்பு. அவர் அழுத முகம் பெரிதாக. ஐந்நூறு பேருக்கு மேல் விரும்பியிருந்தார்கள். வேறு இரண்டு செய்திப் பக்கங்கள் அதை எடுத்துப் போட்டன. கடைத்தெருவில் முன்பின் தெரியாத ஒருவர் பழனியாண்டியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவர் தர்மிளாவின் அலுவலகத்துக்கே போனார்.

“பிள்ளை, அதை எடுத்துப்போடுங்கோ. என்ர மகள் குவைத்தில இருக்கிறா. அவவுக்கு இது தெரியாது.”

“எது ஐயா தெரியாது?”

அவர் சொன்னார். தர்மிளா கதிரையிலிருந்து எழுந்துவிட்டாள். “ஐயோ, நான் நல்லதுக்குத்தானே ஐயா எழுதினனான்” என்றாள். அங்கேயே செய்தியை அழித்தாள். மற்றப் பக்கங்களுக்கும் எழுதிக் கேட்டாள். ஒரு பக்கத்தார் எடுத்தார்கள். மற்றவர்கள் பதிலே போடவில்லை.

வெள்ளிக்கிழமைகளில்தான் ராஜினிக்கு முழுநாளும் தொலைபேசியைக் கையில் விடுவார்கள். அந்த வெள்ளி காலை எட்டு மணிக்கே அழைப்பு வந்தது. பழனியாண்டி முற்றத்தில் நின்று எடுத்தார். படம் வரவில்லை, குரல் மட்டும்.

“கூடப் படிச்ச பொண்ணு அனுப்பியிருக்கா. ஒங்கப்பாவ நினைச்சா பெருமையா இருக்குடின்னு எழுதியிருக்கா.”

“ராஜினி...”

“அம்மா போகாதீங்கன்னு சொன்னாங்களா?”

“சொன்னாம்மா.”

“என் மடியிலதான்னு சொன்னீங்களே அப்பா.”

அவர் வேலிப் பக்கம் பார்த்தார்.

“விமலேஸ்வரி மாமிக்கிட்ட போனைக் குடுங்க.”

வேலியோரம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த விமலேஸ்வரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்துவிட்டு விலகிப் போயிருக்கலாம். போகாமல் வேலியோரமே நின்றார்.

“ஓம் பிள்ளை... ஓம், நான்தான் கூட்டிக்கொண்டு போனனான்... என்னத்தைச் சொல்ல? ஒண்டும் பெரிசாச் சொல்லேல்லை.” அங்கிருந்து ஏதோ கேட்டிருக்க வேண்டும். விமலேஸ்வரி பழனியாண்டியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அவர் வந்திட்டாரோ எண்டு கேட்டவா. மூண்டு தரம் கேட்டவா. வாறார், வாறார் எண்டு நான் சொல்லிக்கொண்டு போனனான். பிறகு கேக்கேல்லை.”

எட்டு மாதமாக அவர் விமலேஸ்வரியிடம் கேட்கத் துணியாத கேள்விக்கு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி பதிலைக் கேட்டார். இதைவிட, ராக்காயி தன்னைச் சபித்துவிட்டுப் போனாள் என்று கேட்டிருந்தால் தாங்கியிருப்பார்.

தொலைபேசி அவர் கைக்குத் திரும்பி வந்தபோது மகள் அழைப்பைத் துண்டித்துவிட்டிருந்தாள்.

அன்று பின்னேரம் அவர் மூன்று தடவை மகளுக்கு அழைப்பு எடுத்தார். அடுத்த வெள்ளியும் எடுத்தார். மணி போனது; அவள் பேச வரவில்லை. இரண்டாம் ஞாயிறு வந்தது; அவர் மண்டபத்துக்குப் போகவில்லை. சிவகரன் அழைத்து, “உங்கட கதிரை சும்மா கிடக்குது ஐயா” என்றார். “ஆரையும் இருக்கச் சொல்லுங்கோ சேர்” என்று சொல்லிவிட்டு வைத்தார். விமலேஸ்வரி இரண்டு நேரம் சோறு கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு நேரத்துச் சோறு நாய்க்குப் போனது. வயலில் கதிர் முற்றிச் சாய்ந்தது. பக்கத்துக் காணிக்காரர் தானாகவே மெசின் பிடித்து வெட்டிக் கொடுத்தார்.

ஆவணி கடைசியில் ஒரு வெள்ளி மத்தியானம் வட்ஸ்அப்பில் ராஜினியிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. பழனியாண்டி கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு அதை அழுத்தினார். அவள் அழவில்லை. வேறு யாருக்கோ தகவல் சொல்வதுபோலச் சொன்னாள்.

“அப்பா, ஒப்பந்தத்த இன்னும் ரெண்டு வருசத்துக்கு எழுதிட்டேன். நேத்துத்தான் கையெழுத்து வச்சேன். தீபாவளிக்கு வரல. ஒங்க மேல கோவம்னு இல்ல. அங்க வந்து ஒங்க மொகத்தப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியும்னு தோணல. மருந்த நேரத்துக்குப் போடுங்க. மாமியத் தொந்தரவு பண்ணாதீங்க.”

அவ்வளவுதான். அவர் அதை நான்கு தடவை கேட்டார். பிறகு பதில் சொல்லத் தொடங்கினார். பொத்தானை அழுத்திக்கொண்டு “ராஜினி” என்றார். மேலே சொல்ல என்ன இருக்கிறதென்று தேடினார். வீதியால் ஓர் உழவு இயந்திரம் போனது. அதன் சத்தமும் அவர் மூச்சுச் சத்தமும்தான் பதிவில் ஏறின. விரல் விலக, பதிவு அப்படியே அவளுக்குப் போய்விட்டது.

சற்று நேரத்தில் பதிவுக்குப் பக்கத்திலிருந்த சின்னம் நீலமாக மாறியது. கேட்டுவிட்டாள். பழனியாண்டி மத்தியான வெயிலில் முற்றத்திலேயே குந்தி, திரை அணைந்துவிடாமல் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுமொழி ஒன்றும் வரவில்லை.