தூக்கினால் கூட வராத ஊர்

வடக்கு வட்டத்தைத் தூக்கினால் ஏரிக்கரை ஊர் மட்டும் கூட வர மறுத்தது. காலையிலிருந்து தச்சர் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தார்.

கோட்ட அலுவலகத்தின் முன்னறைக்கு மரத்தில் ஒரு வரைபடம் கேட்டிருந்தார் அதிகாரி. கோட்டத்தில் ஐந்து வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் தனித் துண்டு, மேலே ஒரு குமிழ். குமிழைப் பிடித்துத் தூக்கினால் வட்டம் முழுசாகக் கையில் வர வேண்டும். "ஒரு ஊர் விட்டுப்போனாலும் வாங்க மாட்டேன்" என்று கறாராகச் சொல்லியிருந்தார். இன்று சாயங்காலம் பார்க்க வருகிறார்.

நான்கு வட்டங்கள் சமர்த்தாக வந்தன. வடக்கு மட்டும் இரண்டு துண்டு. கிழக்கு வட்டம் நாக்கை நீட்டியதுபோல நடுவில் புகுந்து ஏரிக்கரையைப் பிரித்திருந்தது. அந்த ஊரைக் கிழக்கோடு சேர்த்திருக்கலாமே என்றால், கிழக்கின் அலுவலகத்துக்கு மலையைச் சுற்றிப் போக வேண்டும். வடக்கின் அலுவலகத்துக்கு நேர் ரோடு. மலையைக் கேட்டுத்தான் கோடு போட்டிருக்கிறார்கள்.

"வட்டம் வட்டம்னு பேரு. ஒண்ணாவது வட்டமா இருக்கா?" என்று தச்சர் அலுத்துக்கொண்டார்.

வர்ணம் பூசிக்கொண்டிருந்த மனைவிக்கு ஏரிக்கரைதான் பிறந்த ஊர். "என் ஊரை இப்படி அம்போன்னு விட்டுட்டீங்களே!"

"உன்னைக் கட்டினப்போ உங்க அண்ணன் கூடவே வந்து ஒட்டிக்கிட்டாரு. உங்க ஊரு ஒட்ட மாட்டேங்குதேடி!"

அடிப்பக்கம் நீளப் பள்ளமாகக் காடி எடுத்து, இரண்டு துண்டுகளையும் ஒரு சட்டத்தால் இணைத்துப் பார்த்தார். தூக்கினார். ஏரிக்கரை வந்தது. சட்டத்தின் மேல் உட்கார்ந்தபடி கிழக்கு வட்டமும் வந்தது.

அந்த நேரம் பார்த்து அதிகாரி உள்ளே நுழைந்தார். தானே தூக்கிப் பார்த்தார். "இது ரெண்டு வட்டம். நான் கேட்டது ஒண்ணு. உங்களால முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற ஆளைப் பார்க்கறேன்." பெருமூச்சு விட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தச்சர் அவர் முகத்தையே வெறித்துப் பார்த்தார். "சார், அதைத் திரும்ப மாட்டுங்க."

மாட்டினார்.

"இப்போ கழட்டுங்க."

கழற்றினார்.

"மூக்கு அங்கேயே இருக்கு சார்!"

"அது எங்கங்க போகும்?"

மனைவி தூரிகையைக் கீழே வைத்தாள். "என்னங்க, கொஞ்சம் தண்ணி குடிக்கறீங்களா?"

தச்சர் தண்ணீர் குடிக்கவில்லை. ஒரு கம்பியைத் தேடி எடுத்தார். அடியிலிருந்த சட்டத்தைக் கழற்றி எறிந்தார். கம்பியை வில்லாக வளைத்து, கிழக்கின் நாக்குக்கு மேலாகக் கொண்டுபோய், ஒரு முனையை வடக்கிலும் மறுமுனையை ஏரிக்கரையிலும் திருகாணியால் இறுக்கினார். கம்பியைப் பிடித்துத் தூக்கினால் இரண்டு துண்டுகளும் ஒன்றாக வருகின்றன. கிழக்கு, மூக்கைப் போல, இருந்த இடத்திலேயே இருக்கிறது. வளைவு உயரமாக இருப்பதால், கிழக்கு வேண்டுமென்றால் அதை லேசாகத் தூக்கி, நாக்கைக் கம்பிக்கு அடியிலிருந்து பக்கவாட்டில் உருவிக்கொள்ளலாம்.