செய்து பார்த்த புத்தகங்கள்

அந்தப் புத்தகக் கடையில் சமையல், உடல்நலம், வீட்டு நிர்வாகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஜன்னலோரம் ஒரு பெரிய அலமாரி இருந்தது. அதன் பொறுப்பாளரை வாடிக்கையாளர்கள் "சிபாரிசு அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளியே சில நேரம் சம்பளக் கவரில் அப்படி எழுதிவிடுவார். அக்கா சிபாரிசு செய்தால் புத்தகம் அலமாரியில் தங்காது. காரணம், அவள் வாயிலிருந்து வரும் ஒரே ஒரு வாக்கியம்: "நான் வீட்டுல செஞ்சு பார்த்துட்டேங்க, அவ்வளவு நல்லா வந்துச்சு!"

அது முழுப் பொய். அவளுக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதுவும் பாதி நாள் கெட்டில் விசில் அடிப்பதைக்கூடக் கவனிக்க மறந்துவிடுவாள். வீட்டில் சமையல் எல்லாம் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். அவள் சமைத்த ஒன்றிரண்டு முறையும் அவர் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் முதல் தானே அடுப்பைப் பிடித்துக்கொண்டார். அதில் இருவருக்கும் நிம்மதி.

அக்காவின் வாடிக்கையாளர்களில் முதல் ஆள் ஒரு பல் டாக்டர் அம்மா. புதிய புத்தகம் வந்தால் பெட்டி பிரிப்பதற்குள் வந்து நிற்பார். இந்த முறை முந்தின நாள் சாயங்காலம் வந்திருந்தது, உடம்பை இலேசாக்கும் சூப்புகள் பற்றிய ஒரு தடிமனான புத்தகம். அட்டையிலேயே ஆவி பறந்தது.

"இது எப்படி?" என்றார் டாக்டர் அம்மா.

"முதல்லயே இருக்கிற பூசணிக்காய் சூப் இருக்கு பாருங்க, நேத்துதான் செஞ்சேன். எங்க வீட்டுக்காரர் பாத்திரத்தை வழிச்சுட்டார்!"

டாக்டர் அம்மா புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "அப்ப ஒண்ணு பண்ணலாமே. ஞாயித்துக்கிழமை இங்கேயே எங்களுக்குச் செஞ்சு காட்டுங்களேன்!"

அக்கா சிரித்து மழுப்பலாம் என்று வாயைத் திறப்பதற்குள், கல்லாவிலிருந்து முதலாளி எழுந்தே வந்துவிட்டார். "பிரமாதம்! அடுப்பு நான் கொண்டுவரேன். பொருள் எல்லாம் புத்தகத்துல போட்டபடி அட்சரம் பிசகாம வாங்கி வெச்சிடறேன்." சாயங்காலத்துக்குள் வாசல் கண்ணாடியில் அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது கணவர் சோபாவில் சரிந்து சரிந்து சிரித்தார்.

"சிரிக்காதீங்க. ஞாயித்துக்கிழமை நான் என்ன பண்ணுவேன்?"

"சரி சரி, வா. அந்தப் புத்தகம் எங்கே?"

"கடையில. எல்லாம் ஒரே சூப்புதானே, நீங்களே சொல்லிக் குடுங்க."

அந்த வாரம் முழுக்க வீட்டில் பூசணிக்காய்தான். முதலில் அடிப்பிடித்தது, பிறகு தண்ணீராக ஓடியது, அப்புறம் ஒருவழியாகச் சூப் என்று சொல்லும்படி வந்தது. ஞாயிறு தனக்கு ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் வேலை இருப்பதாகவும், முடித்துவிட்டு ஓடி வருவதாகவும் கணவர் சொன்னார். "பயப்படாதே. நான் வரதுக்குள்ள நீயே முடிச்சிருப்பே."

ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்கார இடமில்லை. முதலாளி எல்லாருக்கும் ஆளுக்கொரு பிரதி விற்றிருந்தார். அக்கா ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் நின்றாள். மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் அந்த முகங்களைப் பார்த்ததும் காற்றில் போய்விட்டது. நல்லவேளையாக டாக்டர் அம்மா முன்வரிசையில் இருந்து புத்தகத்தை உரக்கப் படிக்க ஆரம்பித்தார். அக்கா அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே போனாள். வெங்காயம் வதக்கினாள். பூசணித் துண்டுகளைப் போட்டாள். தண்ணீர் ஊற்றினாள். கமகமவென்று வாசனை எழுந்ததும் அவளுக்கே கொஞ்சம் மிதப்பு வந்துவிட்டது.

"அடுத்து, உப்பு. இரண்டு கப்," என்றார் டாக்டர் அம்மா.

அக்காவின் கை நின்றது. வீட்டில் கணவர் விரல் நுனியில் கிள்ளித்தானே போட்டார்? தயங்கி நிமிர்ந்தாள். அத்தனை பேரும் புத்தகத்தில் அதே வரியில் விரலை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் "ம், இரண்டு கப்" என்று தலையை ஆட்டினார். முதலாளி புது உப்புப் பாக்கெட்டைப் பிரித்தே நீட்டினார். இத்தனை பேருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று அக்கா இரண்டு கப்பையும் கவிழ்த்துக் கிளறினாள்.

முதல் கிண்ணம் முதலாளிக்கு. ஒரு வாய் வைத்தார். கண் இரண்டும் வெளியே வந்து திரும்ப உள்ளே போயின. "ஆ... ஹா," என்றார், தண்ணீர் ஜாடியைத் தேடிக்கொண்டே. கடை முதலாளியே ஆஹா என்ற பிறகு கேட்பானேன்? எல்லாரும் ஆளுக்கொரு கரண்டி வாயில் வைத்தார்கள். அத்தனை கரண்டிகளும் வாயிலேயே நின்றுவிட்டன.

அந்த நேரம் பார்த்துக் கையில் கிரீஸோடு கணவர் உள்ளே நுழைந்தார். ஆசையாக ஒரு கிண்ணத்தை எடுத்து வாயில் வைத்தவர், வாசலுக்கு ஓடித் துப்பிவிட்டு வந்தார்.

"என்னம்மா போட்டே இதுல?"

"புத்தகத்துல இருக்கறதைத்தான் போட்டேன்," என்றாள் அக்கா.

அவர் பக்கத்தைப் பார்த்தார். "சிட்டிகைன்னு போடவேண்டிய இடத்துல கப்னு அடிச்சிருக்கான்." பிறகு கூட்டத்தைப் பார்த்தார். "இத்தனை பேர் பார்த்துட்டிருந்தீங்க. யாருமே ஒரு வார்த்தை சொல்லலையா?"

ஒருவர் தரையைப் பார்த்தார், ஒருவர் மேல்கூரையைப் பார்த்தார். அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது என்று ஏப்ரனை அவிழ்த்து மேசையில் போட்டாள்.

"எல்லாரும் மன்னிச்சிடுங்க. எனக்குச் சமைக்கவே தெரியாது. எந்தப் புத்தகத்தையும் நான் செஞ்சு பார்த்ததே இல்லை. இவர்தான் எங்க வீட்டுல சமையல். எனக்குப் படிக்கத்தான் பிடிக்கும்."

முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் அம்மா எழுந்து நின்றார். திட்டப்போகிறார் என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்றார் டாக்டர் அம்மா. "எங்க வீட்டுல சாப்பாடு வெளியில இருந்துதான் வருது. உங்ககிட்ட வாங்கினதெல்லாம் படுக்கையில வெச்சு நாவல் மாதிரி படிப்பேன். 'பொன்னிறமாகும் வரை வறுக்கவும்'னு படிச்சா எனக்குத் தூக்கமே சுகமா வரும். உங்களுக்குத் தெரிஞ்சா மட்டமா நினைப்பீங்கன்னு சொல்லலை."

"நானும் அப்படித்தான்," என்றது பின்வரிசை. உடற்பயிற்சிப் புத்தகம் வாங்கியவர் அதைப் படுத்துக்கொண்டே படிப்பதாகச் சொன்னார். வீட்டை ஒழுங்காக வைப்பது பற்றிய புத்தகத்தை வாங்கிய அம்மாளுக்கு அது வீட்டுக்குள் எங்கே கிடக்கிறது என்றே தெரியவில்லை. சிரிப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவி, கடைசியில் முதலாளியையும் பிடித்துக்கொண்டது.

"புத்தகத்தைத் திருப்பிக் குடுக்கறவங்க குடுக்கலாம்," என்றார் அவர் அரைமனதாக. ஒருவரும் கொடுக்கவில்லை. பேனா வாங்கி 'கப்'பை அடித்துத் திருத்திக்கொண்டார்கள்.

கணவர் பக்கத்து பேக்கரியிலிருந்து சூடாக பன்னும் டீயும் வாங்கி வந்தார். எல்லாரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, அவரவருக்குப் பிடித்த பக்கங்களை மாற்றி மாற்றிப் படித்துக் காட்டினார்கள். அக்கா, அலமாரியில் இருந்த ரொட்டிப் புத்தகத்திலிருந்து மாவு உப்பி எழுவதை வர்ணிக்கும் ஒரு பத்தியை எடுத்து, குரலை ஏற்றி இறக்கி வாசித்தாள். முடித்தபோது டாக்டர் அம்மா பாதி பன்னைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை, அந்த வெண்ணெய் உருகற இடம்," என்றார்.

அக்கா பக்கத்தைத் திருப்பி, அந்த இடத்தைத் தேட ஆரம்பித்தாள்.