இடம் இருக்கு

பஸ் கண்டக்டருக்கு ஊர் வைத்த பெயர் வெண்கலம். அத்தனை பெரிய குரல். ஐம்பது பேர் ஏறவேண்டிய பஸ்ஸில் நூறு பேரை அடைத்துவிட்டு, அப்போதும் "இடம் இருக்கு, வா வா!" என்று கூவுகிற மனுஷர். டிப்போவில் குண்டு விழுந்ததில் காது இரண்டும் போயிற்று. குரல் மட்டும் போகவில்லை. அவர் ரகசியம் பேசினாலும் தெருக்கோடிக்குக் கேட்டது.

அதனால் சண்டைக்குத் தப்பி ஊரைவிட்டுப் போகப் படகில் ஏறும்போதே அவர் வாயைத் துண்டால் கட்டிவிட்டாள் மனைவி. சத்தம் கேட்டால் ரோந்துக் கப்பல்காரன் சுட்டுவிடுவான் என்று படகுக்காரன் எச்சரித்திருந்தான். "இதுல இனி இடமில்லம்மா" என்று சொல்லி, பின்னால் கயிறு கட்டி இழுத்த தோணியில் அவள் மகள் சிட்டுவை உட்காரவைத்தவனும் அவன்தான். புருஷன் வாயைக் காக்க அவள் இங்கே இருந்தாகவேண்டும். பிள்ளைக்குத் துணையாக நாத்தனார் போனாள். இடமில்லை என்று ஒருநாளும் சொல்லாத மனுஷருக்கு அது காதில் விழாததும் நல்லதுதான் என்று நினைத்தாள். பாவி, அப்படித்தான் நினைத்தாள்.

விடியும்போது ஒரே பனிமூட்டம். ரோந்துக் கப்பலின் இரைச்சல் கேட்டதும் படகுக்காரன் இன்ஜினை நிறுத்தினான். கப்பல் கிளப்பிய அலையில் கயிறு அறுந்தது. அவர்கள் கண்ணெதிரே தோணி பனிக்குள் போய்விட்டது.

அவர் துண்டைப் பிய்த்து எறிந்தார். அவள் பாய்ந்து இரண்டு கையாலும் அவர் வாயைப் பொத்தினாள். கடித்தார். ரத்தம் வந்தது. விடவில்லை. படகு நிறையப் பிள்ளைகள். எல்லாம் யாரோ பெற்றவை. பெற்ற வயிறு பற்றி எரிய, கப்பல் போகும்வரை பொத்திக்கொண்டே இருந்தாள்.

இரைச்சல் தேய்ந்ததும் கையை எடுத்தாள்.

"சிட்டு! இடம் இருக்கு, வாடா! இடம் இருக்கு!"

தொண்டை கம்மும்வரை கூப்பிட்டார். பதில் இல்லை.

"பனி விலகினா குண்டு போட பிளேன் வந்துரும்மா" என்றான் படகுக்காரன், இன்ஜினில் கைவைத்தபடி. "ஒரு சத்தமும் வரல. கிளம்பட்டுமா?"

கண்டக்டர் அவள் முகத்தையே பார்த்தார். அவருக்கு இனி அவள்தான் காது.

"பதில் சொல்றாளாடி?"

கடல் ஊமையாகக் கிடந்தது. அவள் ஆமென்று தலையாட்டினாள். படகுக்காரனிடமும், "எனக்குக் கேக்குது" என்றாள்.

அவன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். ஒன்றுமில்லை. அவள் கையில் வடிந்த ரத்தத்தைப் பார்த்தான். இன்ஜினிலிருந்து கையை எடுத்தான்.

"நான்தான் சொன்னேன்ல!" கண்டக்டர் சிரித்துக்கொண்டே எழுந்து நின்றார். "இடம் இருக்கு, வா வா!"