மூன்று வாரக் கலங்கல்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, கடையில் பிள்ளையார் படத்துக்குச் சூடம் காட்டி முடித்த கையோடு நாகநாதன் கடலோரத் தொண்டிக்குப் போன் போடுவார். காரைக்குடி செக்காலை ரோட்டில் அவருக்குப் பைப்பும் மோட்டாரும் விற்கிற கடை. கண்ணாடி அலமாரியில் ஒரு தட்டில் மட்டும் தூண்டில் ராடுகளும் ரீல்களும், இரைக்குப் பதிலாகக் கட்டுகிற பளபளவென்ற பொய் மீன்களும் இருக்கும். படகேறிப் போய் ராடு வீசி மீன் பிடிக்கிற பைத்தியம் அவருக்குப் பத்து வருஷமாக உண்டு. பெரிய மீன் மாட்டினால் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார். அவர் மனைவி சுபலட்சுமிக்கு இது மட்டும் இன்னும் விளங்கவில்லை. "விடுறதுக்கு எதுக்குங்க ஐம்பது கிலோமீட்டர் போகணும்? பிடிக்காம இங்குட்டே இருந்தா அதுவும் விட்டதுதானே?" என்பாள்.

அதே பைத்தியம் பிடித்தவர்கள் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் புதுக்கோட்டையிலுமாக நூற்றைம்பது பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். வெள்ளிதோறும் நாகநாதன் அதில் கடல் நிலவரம் எழுதுவார். காற்று எப்படி, நீரோட்டம் எங்கே இழுக்கிறது, தண்ணீர் தெளிவா கலங்கலா, எந்த மீன் ஏறியிருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமை யார் போவது என்று முடிவாகும். போகிறவர்கள் எல்லாரும் சின்னக்கருப்பனின் ஃபைபர் படகில்தான் போவார்கள். நிலவரம் சொல்வதும் அவர்தான். நான்கு வருஷத்துக்கு முன்பே வலையை மடித்து வைத்துவிட்டு, ராடுக்காரர்களை ஏற்றிப் போவதையே பிழைப்பாக்கிக்கொண்டவர். குழுவில் நாகநாதன் எழுதுகிற நாலு வரியை நம்பித்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

குழப்பம் மாசி மாதத்து முதல் வெள்ளியில் ஆரம்பித்தது.

"காத்து ஓஞ்சுருச்சு மொதலாளி. ஓட்டம் வடக்க இழுக்குது, லேசாத்தான். ஆனா தண்ணி ஒரே கலங்கல். சோறு வடிச்ச கஞ்சி மாதிரி இருக்கு. பறவையும் இல்ல. இந்த வாரம் வராதீக" என்றார் சின்னக்கருப்பன்.

மழை பெய்து இரண்டு மாதமாகிறது. எங்கிருந்து கலங்கல்? இருந்தாலும் கடலில் இருக்கிறவர் சொல்கிறார் என்று நாகநாதன் அப்படியே எழுதினார். யாரும் போகவில்லை. திங்கட்கிழமை காலையில் மதுரைக்காரர்கள் யாரோ வேறொரு படகில் போய்ப் பிடித்த மீன்களின் படங்கள் குழுவுக்கு வந்து விழுந்தன. கைநீளச் சீலா மூன்று, கட்டா நாலு. மீனுக்குப் பின்னால் தெரிந்த கடல் பளிங்காக இருந்தது.

அடுத்த வெள்ளியும் கலங்கல். அதற்கடுத்த வெள்ளியும் கலங்கல். போனில் காற்றுக்கென்று இருக்கிற செயலியைத் திறந்து பார்த்தால் சின்னக்கருப்பன் சொன்ன காற்று இம்மி பிசகவில்லை. ஓட்டம் சரி. அலை சரி. தண்ணீரும் பறவையும் மட்டும் ஊரெல்லாம் சொல்வதற்கு நேர்மாறாக இருந்தன. பொய் சொல்கிற மனிதன் பாதியை மட்டும் இவ்வளவு கச்சிதமாக எதற்கு மெய்யாகச் சொல்ல வேண்டும்? நாகநாதனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

தேவகோட்டைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கும் முத்துக்கண்ணன் குழுவில் குரல் பதிவு போட்டார். "பைப்புக்கடை வானிலை நிலையத்துக்கு வணக்கமுங்க. பைப்பைத் தொறந்து பாத்துட்டுத்தான் கலங்கல்னு எழுதுறீகளோ? மதுரைக்காரவுகளுக்கு மட்டும் தெளிஞ்ச கடல், நமக்குக் கஞ்சித் தண்ணி. உங்க ஆளு அவுககிட்டக் காசுக்குக் கைநீட்டிட்டாரு, அம்புட்டுத்தான். வர்ற வெள்ளிக்குள்ள வேற படகைச் சொல்லுங்க. இல்லேன்னா நாங்களே பாத்துக்கிறோம்."

கீழே முப்பது பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள்.

புதன்கிழமை நாகநாதன் கடையைத் திறக்காமல் விடியற்காலையிலேயே கிளம்பினார். சொல்லாமல்தான் போனார். போகும் வழியெல்லாம் ஏதோ திருடப் போகிறவர்போல இருந்தது.

கரையில் நின்ற சின்னக்கருப்பன் நாகநாதனின் குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்தார். "மொதலாளியா! என்ன, சொல்லாமக்கொள்ளாம வந்து நிக்கிறீக? தண்ணி சரியில்லைன்னுதான் சொன்னேனே."

"சும்மா ஒரு சுத்து போயிட்டு வருவோம்ணே. மீன் இல்லாட்டிப் போகுது."

படகு ஒரு மணி நேரம் ஓடியது. வழியில் வலப்பக்கம் இருநூறு அடி தள்ளி, ஒரு கூட்டம் கடல்குருவிகள் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தன. கீழே மீன் கொதிக்கிறது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். சின்னக்கருப்பன் அந்தப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாமல் ஓட்டிக்கொண்டு போனார். நாகநாதனுக்குச் சுருக்கென்றது. வேண்டுமென்றேதான் மறைக்கிறாரா?

பிறகு இன்ஜினை அணைத்து, கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை இறக்கினார் சின்னக்கருப்பன். மேலே இழுத்து, அதில் ஒட்டிய சேற்றை விரலால் தேய்த்துப் பார்த்தார். "ஆழம் நாலு பாகம். பார் இங்குட்டுத்தான் ஆரம்பிக்குது. கெழக்க வீசுங்க." எந்தக் கருவியும் இல்லாமல், கடலடிப் பாறைத் திட்டின் நுனியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். மறைக்கிறவர் எதற்கு இங்கே கொண்டுவர வேண்டும்?

நாகநாதன் குனிந்து பார்த்தார். அடியில் பாசி அசைவது தெரிந்தது. ஒரு திருக்கை மணலைத் தட்டிவிட்டு நகர்ந்தது தெரிந்தது.

"பாத்தீகளா?" என்றார் சின்னக்கருப்பன் வருத்தமாக. "நான் சொன்னது பொய்யா? கையை விட்டா கை தெரியாது."

"கண்ணாடி மாதிரி இருக்கேண்ணே."

"கேலி பண்ணாதீக மொதலாளி."

அவர் குரலில் கள்ளம் இல்லை. நாகநாதனுக்குத் தன் கண்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி பார்த்தார். அதே பாசி, அதே திருக்கை. குழப்பத்தோடேயே ராடை வீசினார். நாலாவது வீச்சில் பொய் மீன் தண்ணீரில் விழுந்ததும் விழாததுமாக ஒரு பாரை மீன் வெடித்து மேலே வந்து கவ்வியது. கால் மணி நேரம் இழுபறி. எட்டுக் கிலோவாவது இருக்கும். சின்னக்கருப்பன் அதைக் கைகளால் தடவி வாங்கி, தாடையிலிருந்து கொக்கியை ஒரு சொடுக்கில் கழற்றினார். நாகநாதன் அதன் வாலைப் பிடித்துத் தண்ணீரில் முன்னும் பின்னும் ஆட்டிவிட்டுக் கையை எடுத்தார். களைத்துப்போன மீன் உடனே ஓடவில்லை. படகின் ஓரமாக, ஒரு முழ ஆழத்தில், செவுளை விரித்து விரித்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. வெயிலில் வெள்ளித் தாம்பாளம்போல மின்னியது.

சின்னக்கருப்பன் அதற்கு நேர்மேலே குனிந்து நின்றுகொண்டு கேட்டார்: "போயிருச்சா மொதலாளி?"

மீன் அங்கேயே நிற்பதை நாகநாதன் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷம் அவர்தான் சின்னக்கருப்பனுக்கு ஒரு கூலிங் கிளாஸ் வாங்கிக் கொடுத்திருந்தார். இன்றும் அதைத்தான் சின்னக்கருப்பன் போட்டிருந்தார். அது கீறி மங்கிப்போயிருக்கும், அவ்வளவுதான் விஷயம் என்று மனசு அவசரமாக ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டது. "அண்ணே, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் குடுங்க." வாங்கிப் போட்டுப் பார்த்தார். கடல் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. கழற்றிக் கொடுக்கத் திரும்பியபோதுதான், கிழக்கு வெயில் நேராக விழுந்த அந்த முகத்தைப் பார்த்தார். இரண்டு கருவிழிகளின் நடுவிலும் பால் துளி விட்டதுபோல வெள்ளை.

நாகநாதன் கண்ணாடியை அவர் கையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணே, எம்புட்டு நாளா இப்படிக் கலங்கலாத் தெரியுது?"

"அது ஆச்சு ரெண்டு வருசம். கொஞ்சங்கொஞ்சமாக் கெட்டுக்கிட்டே வந்துச்சு. கப்பல்காரன் எண்ணெய ஊத்துறானா, எவனாச்சும் கெமிக்கலத் தொறந்து விடுறானான்னு தெரியல. இந்த மாசி பொறந்ததுல இருந்து ரொம்ப மோசம். நானும் மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்துறதா நேந்துருக்கேன், எங்க கடலத் தெளிய வச்சுரு தாயேன்னு."

"கடலுக்கு ஒண்ணும் இல்லண்ணே. உங்க கண்ணுல புரை விழுந்துருக்கு."

சின்னக்கருப்பன் நாகநாதன் இருந்த திசையையே பார்த்தார். கோபிப்பார், அழுவார் என்று நாகநாதன் பயந்தார். அவரோ தண்ணீரில் கையை விட்டு, குழந்தையின் தலையைத் தடவுவதுபோல அளைந்தார்.

"நெசமாவா? கடலு நல்லா இருக்கா? அடி தெரியுதா?"

"பாசி தெரியுது. இப்பத்தான் ஒரு திருக்கை போச்சு."

"ஆத்தா மகமாயி" என்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். கடலுக்கு ஒன்றும் இல்லை என்கிற நிம்மதி அடங்கிய பிறகுதான் தன் நினைப்பே அவருக்கு வந்தது. கையை இறக்கி, மெதுவாகக் கேட்டார்: "இதைக் குரூப்புல போட்டுருவீகளா மொதலாளி? குருட்டுப்பய படகுன்னு பேராயிட்டா யாரு ஏறுவாக? எனக்கு வேற தொழில் தெரியாது."

கரை வரும் வரைக்கும் நாகநாதன் அந்தக் கேள்வியையே புரட்டிக்கொண்டிருந்தார். சொன்னால் இவர் பிழைப்பு போய்விடும். சொல்லாமல் விட்டால், நாளைக்கு நடுக்கடலில் எதிரே வருகிற படகு தெரியாத மனிதனிடம் நாலு குடும்பத்துப் பிள்ளைகளை ஏற்றிவிட்டதாகும். இரண்டும் பாவம்தான். எது சின்னப் பாவம் என்று நிறுத்துப் பார்க்க அவருக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சூடம் எரிந்து அணைகிற வரைக்கும் பிள்ளையார் முன்னால் நின்றார். பிறகு உட்கார்ந்து எழுதினார்: "மூன்று வாரமாக நான் கொடுத்த தண்ணீர் நிலவரம் தவறு. கடல் தெளிவாக இருக்கிறது. ஐம்பது கிலோமீட்டர் தள்ளிக் கடைக்குள் உட்கார்ந்துகொண்டு, போய்ப் பார்க்காமல் எழுதியது என் பிழை. மன்னிக்கவும். சின்னக்கருப்பன் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. அவருடைய படகு ஒரு மாதத்துக்குக் கடலுக்கு வராது. அதற்குப் பிறகு முதல் பயணம் என்னுடையது."

எழுதியதில் பொய் ஏதும் இருக்கிறதா என்று மறுபடி மறுபடி படித்தார். இல்லை என்று தெரிந்த பிறகு அனுப்பினார். கேலிக்குக் குறைவில்லை. வானிலை நிலையத்தையே இழுத்து மூடச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம். தொண்டிக்காரர்கள் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்றுதான் சின்னக்கருப்பனை அங்கே கூட்டிப்போனார். வரிசையில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்தார். முத்துக்கண்ணன். அது அவருடைய பள்ளிக்கூடம் என்பதே நாகநாதனுக்கு மறந்துபோயிருந்தது.

முத்துக்கண்ணன் நாகநாதனைப் பார்த்தார். சின்னக்கருப்பனின் விழிகளைப் பார்த்தார். பேனாவை மூடித் திறந்து, திரும்ப மூடினார். மூன்று வாரக் கணக்கும் அந்த வாத்தியாருக்கு அங்கேயே நேராகியிருக்க வேண்டும்.

"என்னண்ணே, வெயில்ல நிக்கிறீக? இங்குட்டு நிழலுக்கு வாங்க" என்று சின்னக்கருப்பனின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். தானே போய் இரண்டு காபி வாங்கிவந்தார். நாகநாதனிடம் கொடுக்கும்போது மட்டும், "குரூப்புல நான் பேசுனதைப் பெருசா எடுத்துக்கிறாதீக" என்றார், டம்ளரைப் பார்த்துக்கொண்டே.

அன்று சாயங்காலம் நாகநாதன் எழுதியிருந்ததற்குக் கீழே ஒரு வரி வந்திருந்தது. "ரெண்டாவது ட்ரிப் எனக்கு. யாரும் குறுக்க வராதீக." அனுப்பியவர் முத்துக்கண்ணன். அதற்குக் கீழே மூன்றாவது, நான்காவது என்று வரிசை நீண்டது. எதற்கு வரிசை கட்டுகிறோம் என்று அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

அறுவை சிகிச்சை முதலில் வலது கண்ணுக்கு நடந்தது. இடது கண்ணுக்கு ஆறு மாதம் கழித்து என்றார்கள். ஒரு கண் தெளிந்தாலே படகு ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நாகநாதன் மூச்சு விட்டார்.

பங்குனிக் கடைசி வெள்ளி, ஐந்தரை மணி. இந்தத் தடவை சின்னக்கருப்பனே கூப்பிட்டார். குரலில் ஒரே தடுமாற்றம்.

"காத்து தெக்க இருந்து வருது மொதலாளி. ஓட்டம் கம்மி. பறவை கெடக்கு, எண்ண முடியல. ஆனா தண்ணியத்தான் எப்படிச் சொல்லன்னு தெரியல."

"ஏண்ணே? மறுபடியும் கலங்கலா?"

"அய்யய்யோ, அது இல்ல. நீலமுங்க. இம்புட்டு நீலத்தை நான் பாத்ததே இல்ல. போன வருசம் படகுக்குப் பச்சைப் பெயிண்டு அடிச்சேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். நீலமாம். எம்பொண்டாட்டி அக்கம்மா சிரிக்கிறா. வலது கண்ணை மூடுனா பழைய கஞ்சித் தண்ணி. இடது கண்ணை மூடுனா வேற கடலு. ஒரே எடத்துல நின்னுக்கிட்டு ரெண்டு கடலப் பாக்குறேன் மொதலாளி. எதைச் சொல்லட்டும்? தப்பாச் சொல்லி உங்களுக்கு மறுபடி கெட்ட பேரு வாங்கிக் குடுத்துருவேனோன்னு பயமா இருக்கு."

"பயப்படாதீக. ஞாயித்துக்கிழமை நானே வாரேன். சேந்து பாப்போம்."

"வாங்க, வாங்க. கூழு ஊத்துறதையும் அன்னைக்கே வச்சுக்கிறேன். கடலு தெளிஞ்சுருச்சுல்ல, நேந்ததைச் செய்யணும்."

கடல் எப்போதும் தெளிவாகத்தான் இருந்தது என்று சொல்ல நாகநாதன் வாயெடுத்தார். எதற்கு என்று விட்டுவிட்டார். பிறகு குழுவைத் திறந்து எழுதினார்:

"காற்று தெற்கிலிருந்து. ஓட்டம் குறைவு. பறவைகள் ஏராளம். தண்ணீர் எப்படி என்று ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."