முடி இருப்பவர்களுக்கு ஸ்டூல்

அந்தப் புற்றுநோய் மருத்துவமனையில் தலையில் முடி இல்லாதவர் நோயாளி. முடி இருப்பவர் கூட வந்தவர். நோயாளிக்குச் சாய்வு நாற்காலி, கூட வந்தவருக்கு ஸ்டூல். புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. எப்படியும் கொட்டிவிடும் என்று நம்பி அவர்களை நாற்காலியில் உட்காரவிடுவார்கள். இந்த ஏற்பாட்டில் அதுவரை ஒரு குழப்பமும் வந்ததில்லை.

சாந்தாமணிக்கு முடி கொட்டவில்லை.

காரணம் குளிர்த்தொப்பி. மருந்து ஏற்றுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் தலையை நனைத்து, வாரி, நீல நிறத் தொப்பி ஒன்றை இறுக்கி மாட்டுவார்கள். தொப்பியிலிருந்து ஒரு குழாய் புறப்பட்டுப் பக்கத்தில் இருந்த இயந்திரத்துக்குள் போகும். இயந்திரத்துக்குள் ஒரு மார்கழி மாதம் இருந்தது. மருந்து ஏறும்போதும், ஏறி முடிந்த பிறகும் அது குழாய் வழியாக வந்துகொண்டே இருக்கும். முதலில் மண்டையில் ஆணி இறங்குகிறாற்போல வலிக்கும். பிறகு வலியும் விறைத்துப்போகும்.

சிஸ்டர் ஜெபராணி தன் மோர் டம்ளரைக் கொண்டுவந்து சாந்தாமணியின் தலைமேல் வைப்பாள். ஜில்லென்று ஆனதும் எடுத்துக் குடிப்பாள்.

"தலை குளுந்து கெடந்தா மருந்துக்கு அந்தப் பக்கம் வழி தெரியாதுங்கக்கா" என்று அவள்தான் விளக்கம் சொன்னாள். "முடியோட வேர் தப்பிச்சுக்கும்."

தாராபுரம் கடைவீதியில் சாந்தாமணிக்கு ஒரு தையல் கடை இருந்தது. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிற பெண்கள் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு தங்கள் வீட்டுச் சண்டைகளை உரக்கச் சொல்வார்கள். தன் தலையைப் பார்த்ததும் அவர்கள் குரலைத் தாழ்த்திவிடக் கூடாது. அவளுக்கு இருந்தது அந்த ஓர் ஆசைதான். அதற்காக மார்கழியைத் தாங்கிக்கொண்டாள்.

இரண்டாவது தடவை மருந்து ஏற்றி வந்த வாரம் அவள் புருஷன் நாச்சிமுத்து பழநிக்குப் போனார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு திரும்பி வந்தார்.

"உனக்காகத்தான் புள்ள. முருகங்கிட்டச் சொல்லிப்போட்டேன்."

சாந்தாமணி அந்தத் தலையைத் தடவிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் தனக்காக விட்டுக்கொடுத்த முதல் பொருள் அதுதான் என்று தோன்றியது. சந்தனம் கையில் ஒட்ட ஒட்ட அழுதாள்.

மூன்றாவது தடவை போனபோது வாசலில் வாட்ச்மேன் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு ஓடிவந்தார். நாச்சிமுத்துவுக்கு முன்னால் நிறுத்தினார்.

"உக்காருங்கய்யா."

"நோவு எனக்கில்லீங்க. இவளுக்கு."

வாட்ச்மேன் சாந்தாமணியின் பின்னலைப் பார்த்தார். அது இடுப்பு வரை தொங்கியது.

"பேஷண்டுக பூராப் பேரும் இதத்தான் சொல்றாங்க. தனக்கு வந்தத அடுத்த ஆளு தலையில கட்டப் பாப்பாங்க. உக்காருங்க, கால் வலிக்கும்."

நாச்சிமுத்து சிரித்தார். வார்டு வரைக்கும்தானே என்று உட்கார்ந்தார். சாந்தாமணி தள்ளினாள்.

நோயாளி உட்கார்ந்து வந்தால் அந்தத் தாழ்வாரம் நீளும். தள்ளுகிறவருக்கு எவ்வளவு பாசம் இருக்கிறது என்று பார்ப்பதற்காக அப்படிக் கட்டியிருந்தார்கள். வழியில் ஒரு டீக்கடை வந்தது. நாச்சிமுத்து நிறுத்தச் சொல்லி டீ குடித்தார். அப்புறம் ஒரு பஸ் நிறுத்தம் வந்தது. அங்கே நின்றவர்கள் நாச்சிமுத்துவைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். சாந்தாமணிக்கு மூச்சு வாங்கியது. அதை யாரும் பார்க்கவில்லை.

வார்டில் அவரைத் தூக்கிச் சாய்வு நாற்காலியில் வைத்தார்கள்.

"நானில்லீங்க சிஸ்டர், அவதான்" என்றார் நாச்சிமுத்து. வாட்ச்மேனிடம் சொன்னதைவிடக் குரல் சற்று இறங்கியிருந்தது. ஆனாலும் சொன்னார். அன்றைக்கு மருந்து சாந்தாமணிக்கே ஏறியது. ஸ்டூலில் முதுகு சாயாமல் உட்கார்ந்து தொப்பியோடு ஏற்றிக்கொண்டாள்.

"ஏனுங்க, செத்த எந்திரிங்களேன்."

"இரு புள்ள. முதுகு புடிச்சுக்கிச்சு."

வீட்டுக்கு வந்தபின் விளக்கை அணைத்துவிட்டு அவள் புருஷனிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். வேறு யாரிடமும் சொல்வதில்லை.

"வாயி, பழைய பூட்டைச் சப்புனாப்புல இருக்குதுங்க. வெரல் நுனியில எறும்பு குடும்பம் நடத்துது. ஊசி குத்துனாலும் தெரிய மாட்டேங்குது."

"ம்" என்றார் நாச்சிமுத்து.

தூங்கிவிட்டார் என்று அவள் நினைத்தாள். தூங்கவில்லை. மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கை இந்திராணி ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தாள். அக்காவின் பின்னலைப் பார்த்தாள். மச்சானின் மொட்டையைப் பார்த்தாள். மச்சான் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பாதியா எளச்சுப் போயிட்டீங்க மச்சான்."

அந்த மாதம்தான் நாச்சிமுத்து பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருந்தார், வயிறு பெருத்ததால். அதை அவர் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"வாயிதான் இந்திராணி. பழைய பூட்டைச் சப்புனாப்புல இருக்குது."

சாந்தாமணி சமையலறை வாசலில் காப்பி டம்ளரோடு நின்றாள்.

"வெரல் நுனியில எறும்பு குடும்பம் நடத்துது" என்றார் நாச்சிமுத்து. எந்த இடத்தில் அவள் குரல் உடைந்ததோ அதே இடத்தில் அவரும் குரலை உடைத்தார்.

இந்திராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"மனுசன் இந்தக் கோலத்துல கெடக்கறாரு. நீ என்னடான்னா தலை நெறையப் பூ வெச்சுட்டு நிக்கறே. உனக்கே நல்லாருக்குதாக்கா?"

"சீக்கு எனக்குத்தாண்டி."

இந்திராணி எழுந்து வந்து பின்னலைப் பிடித்து இழுத்தாள்.

"சவுரியா?"

"இல்ல. என்ற முடிதான்."

"அப்பறம் என்னக்கா பேசற?"

அவள் போனபிறகு சாந்தாமணி புருஷனுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க அப்பிடிச் சொன்னீங்க?"

"கேட்டா, சொன்னேன். பொய்யா சொன்னேன்? நீ சொன்னதுல ஒரு வார்த்தை கூட்டிக் கொறச்சுச் சொன்னனா?"

அவர் கூட்டிக் குறைத்துச் சொல்லவில்லைதான். ஆரஞ்சை உரித்து ஒரு சுளையை அவளுக்கும் கொடுத்தார்.

நான்காவது தடவைதான் கடைசி. கடைசி மருந்துப் பையை மட்டும் விட்டுவிடக் கூடாது, அதில்தான் உயிர் இருக்கிறது என்று பெரிய டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். பை கொக்கியில் தொங்கியது. நாச்சிமுத்து யாரும் சொல்லாமலே சாய்வு நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டார். அவருடைய மொட்டை புதிதாக வழிக்கப்பட்டிருந்தது. எப்போது வழித்தார் என்று சாந்தாமணிக்குத் தெரியவில்லை.

பெரிய டாக்டர் வந்தார்.

"இதுல யாருக்கு ஏத்தணும்?"

சாந்தாமணி புருஷனைப் பார்த்தாள். "சொல்லுங்க" என்றாள்.

நாச்சிமுத்து மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தார். "நான் என்னத்தச் சொல்றது. டாக்டருக்குத் தெரியாததா?"

டாக்டர் சாந்தாமணியின் முடியில் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஒன்றுகூடக் கையோடு வரவில்லை.

"பிரமாதம். தொப்பி நல்லா வேலை செஞ்சிருக்கு."

"தொப்பி போட்டது நானுங்களே டாக்டர்."

"ஆமாம்மா. அதனாலதான் உங்களுக்கு ஒண்ணும் இல்லை."

அவள் கையை நீட்டிக் கறுத்துப்போன நரம்பைக் காட்டினாள்.

"வண்டி தள்ளறவங்களுக்கு அப்பிடித்தானுங்கக்கா கறுக்கும்" என்றாள் ஜெபராணி.

டாக்டர் நியாயமானவர். இரண்டு பேரையும் கேட்டுவிட்டு முடிவு செய்வதாகச் சொன்னார். முதலில் நாச்சிமுத்துவைக் கேட்டார். அவர் பூட்டைச் சொன்னார், எறும்பைச் சொன்னார், ஊசியைச் சொன்னார். ஜெபராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப நீங்க சொல்லுங்கம்மா."

"வாயி, பழைய பூட்டை..."

"அது அவர் சொன்னது. உங்களோடதச் சொல்லுங்க."

சாந்தாமணி தனக்குள் தேடிப்பார்த்தாள். வலி இருந்த இடங்களிலெல்லாம் கை வைத்தாள். எல்லாவற்றையும் இருட்டில் அவரிடம் கொடுத்திருந்தாள். ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. அதை அவரிடம் சொன்னதில்லை. சாமியிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் மருந்து கிடைக்கும் என்றால் சொல்லத்தான் வேண்டும்.

"சீக்குன்னு தெரிஞ்ச அன்னிக்கு, இது எனக்கு வந்ததுக்கு இவருக்கு வந்திருக்கலாமேன்னு நெனச்சனுங்க."

இயந்திரம் ஒரு கணம் மூச்சை நிறுத்தியது.

டாக்டர் தலையை ஆட்டினார். "சரிதானே. அவருக்குத்தானே வந்திருக்கு."

ஜெபராணி நாச்சிமுத்துவின் கையில் ஊசியை ஏற்றினாள். குழாயைத் திறந்துவிட்டாள்.

நாச்சிமுத்து மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் நீர் வழிந்தது. அது நடிப்பாக இல்லை.

"நீயா புள்ள? நீயா அப்பிடி நெனச்சே? நான் உனக்காக மொட்டையெல்லாம் போட்டேனே."

"நீங்க அழுகாதீங்கய்யா, பிரஷர் ஏறும்" என்றாள் ஜெபராணி. சாந்தாமணியின் பக்கம் ஸ்டூலைக் காலால் நகர்த்தினாள். "இனியாவது அவரைப் பக்கத்துல இருந்து பாத்துக்குங்க. பை தீரும்போது ஒரு குரல் குடுங்க. காத்து நரம்புக்குள்ள போயிடப் போகுது."

சாந்தாமணி ஸ்டூலில் உட்கார்ந்தாள். தொப்பி இயந்திரத்தின்மேல் கிடந்தது. உள்ளே மார்கழி யாருக்கும் உதவாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு வியர்த்தது.

"போர்வைய இழுத்து உடு" என்றார் நாச்சிமுத்து. இழுத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் முகம் தெளிந்தது. அவளை மன்னித்துவிட்டது தெரிந்தது. ஊசி இல்லாத கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாந்தா."

"சொல்லுங்க."

"நீ பயப்படாத. எனக்கு ஒண்ணும் ஆகாது."

"செரிங்க" என்றாள்.

பை பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. தீரும்போது குரல் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சாந்தாமணி கண்ணை எடுக்காமல் ஒவ்வொரு சொட்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.