நாற்பத்தெட்டு காஜா

தையல்காரர் அன்று காலை கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கையோடு வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டார். மூன்று தடவை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய், மூன்று தடவையும் "நல்லாத்தானே ஓடுது" என்ற பதிலோடு திரும்பிய மனுஷன் வேறென்ன செய்வார்? கடை மேசையில் அது சமர்த்தாக ஓடும். வீட்டுக்கு வந்தால் அரை மணியில் இஸ்திரிப் பெட்டியாகக் கொதிக்கும். பிறகு எந்தப் பொத்தானை அமுக்கினாலும் கல்லுளிமங்கன்தான்.

வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கட்டட வரைபடம் போடும் அவர் மனைவி, பன்னிரண்டு வருஷ வேலையை விட்டுவிட்டு, இதை வைத்துத்தான் சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தாள். முதல் வேலை ஒரு மழலையர் பள்ளி. மாலை நாலு மணிக்குள் வரைபடம் போய்ச் சேராவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். இப்போது மணி பதினொன்று.

"புதுசுன்னு சொல்லி ஓட்டை மெஷினை எங்க தலையில கட்டிட்டீங்க," என்று வழி நெடுக வறுத்தெடுத்துக்கொண்டே வந்தார் தையல்காரர்.

கடைக்காரர் மேசையருகே போய் அப்படியே நின்றுவிட்டார். லேப்டாப் மெரூன் வெல்வெட் உறை உடுத்தியிருந்தது. உள்ளே கம்பளித் துணியில் லைனிங், ஓரமெல்லாம் பைப்பிங், ஒரு சுருக்கம் கிடையாது.

"இதை யாருங்க தைச்சது?"

தையல்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நான்தான். வாங்கின அன்னைக்கே அளவெடுத்துட்டேன். எங்கயாவது துளி இடைவெளி இருக்கா, பாருங்க."

"இல்லைங்க. அதைத்தான் பார்க்கிறேன். கடைக்கு வரும்போது இதைக் காணோமே?"

"அழுக்காயிடும்னு கழட்டி வெச்சுட்டு வருவேன்."

கடைக்காரர் நல்ல மனுஷர், சிரிக்கவில்லை. உறையைக் கழற்றி, லேப்டாப்பைக் கவிழ்த்துக் காட்டினார். "அடியில இருக்குற துவாரம் வழியா காத்து உள்ள போகணும். பக்கத்துல இருக்குறது வழியா சூடு வெளிய வரணும். ரெண்டையும் மூடிட்டீங்க. கழுத்து வைக்காம சட்டை தைச்சு மாட்டிவிட்டா மனுஷன் என்ன ஆவான், நீங்களே சொல்லுங்க."

தையல்காரரை வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு வாரமாக அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டது தானேதானா? மனைவி உறையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, வேலையில் உட்கார்ந்தாள்.

முன்னறையில் தையல்காரர் ஒரே கால்சட்டை விளிம்பை மூன்று தடவை தைத்து மூன்று தடவை பிரித்தார். மூன்றே முக்காலுக்கு, "அனுப்பிட்டேன்," என்ற குரல் கேட்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. மெதுவாக உள்ளே போய், உறையை எடுத்துத் துண்டுத்துணிப் பைக்குள் திணிக்கப் பார்த்தார்.

"அதை எங்க கொண்டு போறீங்க?"

அவள் நீட்டிய தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கமும் பக்கவாட்டும் வரையப்பட்டிருந்தன. ஒவ்வொரு துவாரத்துக்கும் அளவு போட்டிருந்தது. கீழே வலது மூலையில், கட்டட வரைபடங்களில் வழக்கமாக இருக்கும் கட்டம்: 'பணி: உறை. உரிமையாளர்: நான். கட்டித் தருபவர்: என் வீட்டுக்காரர்.'

"ஜன்னல் இல்லாத வீட்டுக்கு நான் கையெழுத்துப் போடுறதில்லைங்க," என்றாள். "வெட்டித் தாங்க."

தையல்காரர் தாளை இரண்டு தடவை படித்தார். கண் கலங்கியதை மறைக்க, துவாரங்களை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டார். "நாப்பத்தெட்டு காஜா எடுக்கணும். ஒரு பொத்தான்கூட இல்லாத துணிக்கு."

"எடுங்க."

"நாளைக்குத் தரட்டுமா?"

"எல்லார்கிட்டயும் இதைத்தான் சொல்றீங்க. எனக்கு இன்னைக்கே வேணும்."

அவர் மெரூன் நூலைக் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்தார். தையல் தொழிலுக்கு வந்த இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, கேட்ட நாளிலேயே உருப்படியைக் கொடுத்தார்.