இடது முன்சக்கரம்

புது பிரேக் டிஸ்க் போட்டால் அந்தப் பிக்கப் வண்டி ஒரு மாதம் சமர்த்தாக ஓடும். பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்று நடுங்க ஆரம்பித்துவிடும். பிரேக்கில் கால் வைத்தால் பெடல் துடிக்கும். பின்னால் சட்டத்தில் சாய்த்துக் கட்டிய கண்ணாடித் தகடுகள் குளிரில் பல் அடித்துக்கொள்வதுபோல் கிடுகிடுக்கும். இரண்டு முறை டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் பேடும் மாற்றியாயிற்று. ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

கணவன் மாரடைப்பில் போன பிறகு கண்ணாடிக்கடையும் வண்டியும் அவள் பொறுப்பு. மூன்றாம் முறையாக உதிரிபாகக் கடைக்கு வந்திருந்தாள். கூடவே கொழுந்தன்.

"இந்தத் தடவையும் நடுங்கிச்சுன்னா வித்துடணும் அண்ணி. ராசி கெட்ட வண்டி."

"உனக்கு வாய் நடுங்காம இருந்தா போதும் தம்பி."

விற்க அவளுக்கு மனமில்லை. கணவர் கடைசியாக உட்கார்ந்தது அந்த வண்டியில்தான். அவள் யாரோ வீட்டு ஜன்னலுக்கு அளவெடுக்கப் போயிருந்த நேரத்தில் நெஞ்சு வலிக்க, தானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். மறுநாள் வண்டியை எடுத்து வந்த கொழுந்தன் சொன்னான்: "மரத்தடியில ஒழுங்கா நிறுத்தி, கதவுக் கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு நடந்துதான் போயிருக்காரு அண்ணி. வலி பெருசா இருந்திருக்காது." அவருக்கு அதிகம் வலிக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக, ஏற்றிவிட்ட அந்தக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளையும் தள்ளியிருந்தாள்.

கடைக்காரர் டிஸ்க்குகளைக் கவுண்டரில் பரப்பினார். "துளை போட்டது வேணுமாம்மா? பாக்க ஜோரா இருக்கும்."

"மாப்பிள்ளை ஊர்வலமா போகுது? பாரம் ஏத்துற வண்டிண்ணே. துளை இல்லாதது, நடுவுல காத்து போற மாதிரி ரெண்டு தட்டு வச்சது குடுங்க. பேடு உலோகத்தூள் கலந்தது. கொஞ்சம் கீச்சுன்னாலும் சூடு தாங்கும்."

"எல்லாம் தெரிஞ்சுதான் வந்திருக்கீங்க."

"ஏன் நடுங்குதுன்னு மட்டும் தெரியலையே."

கடையின் பின்கட்டில் வண்டியைத் தூக்கி, இடது சக்கரத்தைக் கழற்றிப் புது டிஸ்க்கை மாட்டினார்கள். கடைக்காரர் கோணலை அளக்கும் டயல் கேஜின் முனையை டிஸ்க்கில் தொடவைத்துச் சுழற்றினார். முள் ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது.

"புதுசே கோணலா?" என்றான் கொழுந்தன். "ஏமாத்து வேலை!"

அவள் முள்ளையே பார்த்தாள். ஒரு சாக்பீஸ் வாங்கி, டிஸ்க் அதிகம் துருத்திய இடத்தில் ஒரு கோடு போட்டாள். அதற்கு நேராக, டிஸ்க்கும் சக்கரமும் மாட்டும் ஹப்பில் இருந்த போல்ட்டிலும் ஒரு பொட்டு வைத்தாள். "கழட்டி ஒரு ஓட்டை தள்ளி மாட்டுங்கண்ணே. கோணல் டிஸ்க்ல இருந்தா கோட்டோட போகும். ஹப்புல இருந்தா பொட்டுகிட்டயே நிக்கும்."

மாட்டிச் சுழற்றினார். கோடு தள்ளிப் போயிருந்தது. முள் பொட்டுக்கு நேரேதான் சாய்ந்தது.

சந்தேகம் போக, டிஸ்க்கை எடுத்துவிட்டு வெறும் ஹப்பில் கேஜை வைத்தார்கள். அதிலும் ஆட்டம்.

அவளுக்கு எல்லாம் மளமளவென்று விளங்கியது. டிஸ்க் கெட்டே வரவில்லை. வளைந்த ஹப்பில் உட்கார்ந்ததால் லேசாகத் தள்ளாடியிருக்கிறது. பிரேக் பிடிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசியிருக்கிறது. உரசி உரசி, ஒரு மாதத்தில் அந்த இடம் மட்டும் மெலிந்துவிடும். காலில் துடித்தது அந்த மெலிவுதான்.

"நல்ல டிஸ்க்கையெல்லாம் நாமதான் கொண்டுபோய் பலி குடுத்திருக்கோம்," என்றாள்.

"ஹப்பு சும்மா வளையாதும்மா," என்றார் கடைக்காரர். "வேகமா எது மேலயாவது மோதியிருக்கணும். எங்க இடிச்சீங்க?"

"நான் இடிக்கல."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி வந்த அன்று, இடது முன்பக்கம் ஸ்டெப்னி மாட்டியிருந்தது.

"பஞ்சர்னு சொன்னியே தம்பி?"

கொழுந்தன் கையிலிருந்த பழைய பேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உன்னத்தான் கேக்கறேன்."

"மரத்தடியில இல்ல அண்ணி. ஆஸ்பத்திரி வாசல் திட்டு மேல ஏறி நின்னுச்சு. ரிம்மே நசுங்கிப் போச்சு. அண்ணன் ஸ்டியரிங்ல கவுந்து கிடந்தாராம். ஹாரன் நிக்காம அடிச்சதக் கேட்டுத்தான் ஆளுங்க ஓடி வந்திருக்காங்க." அவன் பேடைக் கீழே வைத்தான். "உங்ககிட்ட எந்த வாயால சொல்லுவேன்? அதான் வித்துடுங்க, வித்துடுங்கன்னேன்."

கடைக்காரர் ஏதோ எடுக்கப் போவதுபோல் உள்ளே போனார்.

"கண்ணாடி?"

"தொறந்துதான் இருந்துச்சு அண்ணி."

அவள் குந்தி உட்கார்ந்து ஹப்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வளைவு கைக்குத் தட்டுப்படவில்லை. முடியின் கனம்கூட இருக்காது. அவ்வளவு வலியும் அதற்குள் இருந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுது முடித்தாள். கொழுந்தன் பக்கத்தில் வந்து குந்தினான். அவனைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை.

"வண்டிய விக்கல தம்பி," என்றாள். "கடைசி வரைக்கும் ஓட்டிக் கொண்டுபோய்ச் சேத்திருக்காரு."

இடது ஹப்பையும் பேரிங்கையும் மாற்றினார்கள். ஹப்பின் முகத்தைத் துணியால் துடைத்து டிஸ்க்கை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக முறுக்கினார்கள். சுழற்றியபோது முள் இருந்த இடத்திலேயே நின்றது. ஒரு மாதம் தாண்டியும் பெடல் துடிக்கவில்லை, கண்ணாடிகள் கிடுகிடுக்கவில்லை. மாற்ற வேண்டியிருந்தது ஹப்பைத்தான்.